ஸ்டாக்ஹோமா, கொலோனா, நந்தம்பாக்கமா? ஸ்ட்ராட்டஜி கேம் ஆடும் சென்னைக்காரர் எங்கே போகலாம்

ஸ்ட்ராட்டஜி கேம், அதாவது படையையும் நாட்டையும் திட்டம் போட்டு நடத்தும் கேம், ஆடுகிறவர்களுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருக்கும். ராத்திரி இரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருக்கிற அந்த வரைபடத்தை வரைந்தவர் யார், கூட்டணி நாடு சரியான நேரம் பார்த்து நம் காலை வாருகிறதே, அந்தக் கணக்கை எழுதியவர் யார் என்று தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். பார்த்து, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். சுட்டுத் தள்ளும் கேம்களை ஆடுகிறவர்களுக்கு இந்த அரிப்பு இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். நம் கேம்களில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் தீர்மானம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தோடுதான் நாம் நூற்றுக்கணக்கான மணிநேரம் மல்லுக்கட்டுகிறோம்.

சென்னையில் எங்கள் குழுவில் இந்தப் பேச்சு ஆண்டுதோறும் வந்துவிடும். பணம் சேர்த்து ஐரோப்பாவில் நடக்கும் ரசிகர் மாநாட்டுக்குப் போவதா, இங்கேயே நடக்கும் டெவலப்பர் மாநாட்டுக்கு பாஸ் வாங்குவதா, அல்லது நாமே ஒரு ஹாலைப் பிடித்து நடத்திவிடுவதா? ஆளுக்கொரு கட்சி. நான் இதை ஒரே ஓர் அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். கேமை உருவாக்கிய ஒருவர் உங்களோடு அவசரமில்லாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுவார்? கூட்டம் எவ்வளவு, மேடை எவ்வளவு பெரியது, என்ன அறிவிப்பு வந்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அறிவிப்புகளை வீட்டில் உட்கார்ந்தே நேரலையில் பார்த்துவிடலாம். டெவலப்பரின் அரைமணி நேரம் அப்படிக் கிடைக்காது.

அந்த அரைமணி நேரத்தில் கேட்க நம்மிடம் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தபோது திராவிடர்கள் தனி நாகரிகமாக உள்ளே வந்தார்கள். ராஜேந்திரன் பெயரில் ஒரு கேம்பெய்ன் (கதையாக நகரும் ஆட்டத் தொடர்), உருமி வீசும் வாள்வீரர்கள், ஒவ்வொரு யுகத்துக்கு ஏறும்போதும் 200 மரம் இனாம். ஆனால் நைட் குதிரைப்படை கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிடி வாங்கி இந்த கேமைப் பழகிய தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. தமிழகத்துக்கு நல்ல குதிரை கடல் தாண்டி அரபு நாடுகளிலிருந்துதான் வந்தது. பாண்டியர்கள் குதிரைக்காகக் கொட்டிய பணத்தை மார்க்கோ போலோவே எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: குதிரை இல்லை என்று வெட்டிவிடாமல், சந்தையில் தங்கம் கொடுத்து விலைக்கு வாங்கும்படி ஏன் வைக்கவில்லை? இது ஆட்டோகிராஃப் கேட்கிற இடத்தில் கேட்கிற கேள்வி இல்லை. உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி.

2025 நவம்பரில் வெளிவந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5 என்ற வரலாற்று கேமில் ஆட்டம் தொடங்கும் தேதி 1337 ஏப்ரல் 1. அன்று நம் பக்கத்து நிலவரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையில் சுல்தானியம் தோன்றிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கிவிட்டார்கள். படைவீட்டில் சம்புவராயர்கள். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டு மதுரையை முறைத்துக்கொண்டிருக்கிறார். விஜயநகரம் பிறந்து ஓராண்டு என்பது வழக்கமான கணக்கு. இத்தனை சிக்கலான ஒரு தொடக்கம் உலகத்தில் வேறு எத்தனை இடங்களுக்கு வாய்க்கும்! ஐரோப்பாவில் இருக்கும் டிசைனருக்கு இதெல்லாம் ஆங்கில நூல்களில் படித்துத் தெரிந்த விஷயம். நமக்குப் படைவீடு என்பது போளூர் பக்கத்து ஊர். இந்த அறிவை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ரசிகர் மாநாடு வேறு மாதிரி அமையும். அதனால்தான் எங்கே போவது என்பதைக் கவனமாக முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

ஒரே நிறுவனத்தின் திருவிழா

ஸ்ட்ராட்டஜி ரசிகர்களும் டெவலப்பர்களும் சந்திக்கும் இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாரடாக்ஸ் இன்டராக்டிவ் நடத்திய பிடிஎக்ஸ்கான். க்ரூசேடர் கிங்ஸ், ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன், ஸ்டெல்லாரிஸ், விக்டோரியா என்று ஒரு நாட்டையோ பேரரசையோ முழுதாக நடத்தும் 'கிராண்ட் ஸ்ட்ராட்டஜி' கேம்கள் எல்லாம் இந்த ஸ்டாக்ஹோம் நிறுவனத்துடையவை. ஆரம்பத்தில் பத்திரிகையாளர்களுக்கும் வியாபாரப் பங்காளிகளுக்கும் மட்டுமாக இருந்த கூட்டம் அது. 2017-ல்தான் ரசிகர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். 2017-லும் 2018-லும் ஸ்டாக்ஹோம், 2019 அக்டோபரில் பெர்லின், கொரோனா காலத்தில் 2021 மே மாதம் ஆன்லைனில், 2022 செப்டம்பரில் மறுபடி ஸ்டாக்ஹோம். க்ரூசேடர் கிங்ஸ் 3 பெர்லினில்தான் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது. விக்டோரியா 3-க்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் 2021-ல் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கத்தினார்கள்.

இப்படி ஒரே நிறுவனம் நடத்தும் மாநாட்டின் பலம் கூட்டத்தின் தன்மையில் இருக்கிறது. அங்கே வந்திருக்கும் எவரிடமும் "கிராண்ட் ஸ்ட்ராட்டஜி என்றால் என்ன?" என்று விளக்கத் தேவையில்லை. காபி வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னில் சப்ளை கணக்கை எழுதியவராக இருக்கலாம். பின்னால் நிற்பவர் அந்தக் கணக்கைத் திட்டித் தீர்த்துவிட்டு, அதைச் சரிசெய்ய சொந்தமாக ஒரு மோட் (கேமில் ரசிகர்களே செய்யும் மாற்றம்) செய்தவராக இருக்கலாம். டிசைனர்கள் மேடையில் பேசுவது ஒருபுறம். பேசி முடித்து இறங்கி வந்து தரையில் நிற்பார்களே, அந்த நேரம்தான் நமக்கு வேண்டியது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. இந்த கேம்களைச் செய்கிறவர்கள் ஒரே ஊரில் இல்லை. யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5-ஐச் செய்தது ஜோஹன் ஆண்டர்சன் தலைமையிலான பாரடாக்ஸ் டிண்டோ. அவர்கள் இருப்பது பார்சிலோனா பக்கத்தில் சிட்ஜஸ். ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் செய்யும் ட்ரயம்ஃப் ஸ்டுடியோஸ் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில். நிறுவன மாநாடு நடந்தால்தான் இப்படிச் சிதறிக் கிடப்பவர்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க வாய்ப்பு. அது இல்லாத நாளில் ஸ்டாக்ஹோம் போனால் அழகான ஊரைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

குறைகளும் சாதாரணமானவை இல்லை. முதலாவது, மேலே கொடுத்த ஆண்டுகளைப் பார்த்தாலே புரியும்: இது பொங்கல் மாதிரி தவறாமல் வருகிற விழா இல்லை. அறிவிப்பு வந்தால்தான் உண்டு. "அடுத்த வருஷம் போகலாம்" என்று லீவு சேர்த்து வைப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டாவது, நீங்கள் வேறு நிறுவனங்களின் சிவிலைசேஷனோ டோட்டல் வாரோ ஆடுகிறவர் என்றால் அங்கே உங்களுக்கு எதுவும் இல்லை. மூன்றாவது விசா. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஸ்வீடனோ ஜெர்மனியோ, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள், இழுத்தால் நாற்பத்தைந்து நாள்கூட ஆகும். கோடை விடுமுறைக்காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. மாநாட்டு அறிவிப்பு மூன்று நான்கு மாதம் முன்னால் வந்தால் நமக்கு அது இறுக்கமான கணக்கு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, வங்கிக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவருக்குத்தான் சரிப்படும். வேலை பார்க்கும் நிறுவனத்திடமிருந்து லீவு கடிதம் வாங்குவதை எல்லோரும் கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள். அதை முதலில் வாங்கிவிடுங்கள். ஹோட்டலைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள். மாநாட்டு டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

செலவு? சென்னையிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு நேர் விமானம் இல்லை. தோஹாவிலோ துபாயிலோ மாறித்தான் போக வேண்டும். விமானம், நான்கைந்து நாள் தங்கல், சாப்பாடு, மாநாட்டு டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தை ஒட்டி வரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் ஸ்டாக்ஹோமில் சிக்கனம் என்பது கஷ்டமான காரியம்.

இவ்வளவுக்கும் பிறகு என் கருத்து: பாரடாக்ஸ் கேம்களில் ஊறியவராக இருந்து, இன்னொரு முறை இப்படி ஒரு மாநாட்டுக்கு அறிவிப்பும் வந்தால், போங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம். சேமிப்பில் இருந்தால் தயங்க வேண்டாம்.

கொலோன் என்னும் பெருங்கூட்டம்

கேம்ஸ்காம் என்ற பெரிய கேம் கண்காட்சியின் கதை வேறு. ஆண்டுதோறும் ஆகஸ்டில், ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சி வளாகத்தில். 2009-லிருந்து அங்கேதான். 2024-ல் 3,35,000 பேர் வந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடந்திருக்கிறீர்களா? கேம்ஸ்காமின் சனிக்கிழமை அப்படித்தான், கூரையும் ஏசியும் மட்டும் கூடுதல்.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் விசாவையும் லீவையும் நிதானமாகத் திட்டமிடலாம். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு நேர் விமானம் உண்டு. அங்கிருந்து அதிவேக ரயிலில் கொலோன் ஒரு மணிநேரப் பயணம்தான். ஒரே நிறுவனம் என்ற கட்டு இல்லை. சிவிலைசேஷன் 7-இன் ஆட்டத்தை 2024 கேம்ஸ்காமின் தொடக்க நிகழ்ச்சியில்தான் விரிவாகக் காட்டினார்கள். 2025 பிப்ரவரியில் வெளிவந்த அந்த கேமில் சோழர்கள் தனி நாகரிகமாக இருக்கிறார்கள் என்பது நமக்குக் கூடுதல் சந்தோஷம்.

ஆனால் என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கொலோன் தேறவில்லை. பெரிய ஸ்டால்களில் ஒரு டெமோவுக்கு இரண்டு மூன்று மணிநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உள்ளே போனால் ஆடுவதற்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஸ்ட்ராட்டஜி கேமை இருபது நிமிடம் ஆடி என்ன தெரிந்துகொள்வது? முதல் நகரத்தை எங்கே வைப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் எழுந்திருக்கச் சொல்வார்கள். ஸ்டாலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த நாலு நாளுக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். உண்மையான டெவலப்பர்கள் வியாபாரப் பகுதியில் மூடிய அறைகளில் பப்ளிஷர்களோடும் பத்திரிகையாளர்களோடும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பகுதிக்குப் பொது டிக்கெட் செல்லாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இண்டி அரீனா பூத் என்று சிறு குழுக்களுக்கான பெரிய பகுதி இருக்கிறது. அங்கே மேஜைக்குப் பின்னால் நிற்பவர்தான் கேமைச் செய்தவர். ஸ்ட்ராட்டஜி கேமை இரண்டு பேராக, மூன்று பேராகச் செய்கிறவர்கள் ஐரோப்பாவில் நிறைய. கொலோன் போவதாக முடிவெடுத்துவிட்டால் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அங்கேயே கழியுங்கள். சனிக்கிழமை ஊர் சுற்றலாம். தங்குவதற்குக் கொலோனில் அந்த வாரம் விலை எகிறிவிடும். பானிலோ டுசல்டார்ஃபிலோ அறை எடுத்து ரயிலில் வந்து போவதுதான் எல்லோரும் செய்வது.

பட்ஜெட் இடிக்கிறது என்பவர்கள் கேம்ஸ்காம் ஆசியாவைப் பற்றிக் கேட்கிறார்கள். 2021-லிருந்து 2024 வரை சிங்கப்பூரில் நடந்தது, 2025 அக்டோபரில் பாங்காக்குக்குப் போய் தாய்லாந்து கேம் ஷோவோடு சேர்ந்துகொண்டது. சென்னையிலிருந்து நேர் விமானம், செலவும் பாதிக்குக் கீழே. ஆனால் ஸ்ட்ராட்டஜிக்காகப் போகிற இடம் இல்லை அது. வேறு வேலையாக பாங்காக் போகிறவர் ஒருநாள் எட்டிப் பார்க்கலாம்.

கணினி இல்லாமல் போர்டில் ஆடுகிறவர் என்றால் உங்களுக்கு நான் சொல்லும் ஊர் எஸ்ஸன். கொலோனுக்கு வடக்கே ஒரு மணிநேரத் தொலைவு. அக்டோபரில் அங்கே நடக்கும் 'ஸ்பீல்' 1983-லிருந்து வருகிறது, இரண்டு லட்சம் பேர் வருகிறார்கள். இங்கேயும் கூட்டம்தான், ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம்: ஹால் முழுக்க மேஜைகள், மேஜைகளில் ஆட்டம், பல மேஜைகளில் விதிகளைச் சொல்லிக்கொடுப்பவரே அந்த ஆட்டத்தை உருவாக்கியவர். ஒரு முழு ஆட்டம் அவரோடு உட்கார்ந்து ஆடலாம். என் அளவுகோலுக்கு இது கேம்ஸ்காமைவிட எத்தனையோ மேல். திரும்பி வரும்போது 23 கிலோ லக்கேஜில் பெட்டிகளை எப்படி அடைப்பது என்பதுதான் பிரச்சினை. பெட்டிக்குள் பெட்டியாகப் போட்டு, அட்டைகளைத் துணிகளுக்கு நடுவே செருகி எப்படியோ கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

நந்தம்பாக்கம்

ஐஜிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய கேம் டெவலப்பர் மாநாடு பல ஆண்டுகளாக ஹைதராபாத்தில் நடந்து வந்தது. 2025 நவம்பரில் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். ஹைதராபாத் என்றாலும் சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் அங்கே இருக்கலாம்.

இதை ரசிகர் மாநாடு என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இது தொழில்காரர்களின் கூடுகை. அரங்குகளில் பாதிப் பேச்சு மொபைல் கேமில் ஆளைச் சேர்ப்பது எப்படி, வருமானம் பார்ப்பது எப்படி என்பதுதான். இந்தியாவில் பிசிக்கு ஆழமான ஸ்ட்ராட்டஜி கேம் செய்கிறவர்கள் குறைவு. க்ரூசேடர் கிங்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு சுற்றினால் "அது என்ன?" என்று கேட்பார்கள். பாஸ் விலையும் ரசிகரை மனதில் வைத்துப் போட்டதில்லை. நிறுவனத்தின் செலவில் வருகிறவர்களுக்கான விலை அது. மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று முதலிலேயே பாருங்கள்.

இருந்தும் நான் இதைத்தான் உயர்வாகச் சொல்வேன். ஏன் என்பதற்கு நந்தம்பாக்கத்தில் பார்த்த ஒரு மேஜையைச் சொல்கிறேன். சிறிய குழு ஒன்று டர்ன் முறையில் (மாறி மாறி நகர்த்தி) ஆடும் ஒரு போர் கேமின் முன்மாதிரியை வைத்திருந்தது. ஒரு லேப்டாப், ஒரு மௌஸ், கையால் எழுதி ஒட்டிய பெயர்ப்பலகை. என்னோடு வந்த நண்பர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "எதிரிப் படை ஏன் எப்போதும் பின்வாங்கவே மாட்டேன் என்கிறது? முக்கால்வாசி பேர் செத்த பிறகும் கோட்டைச் சுவரிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறதே" என்று கேட்டார். அந்த டெவலப்பர் விளக்கம் சொல்லவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, கேமை நிறுத்தி, ஒரு எக்செல் தாளைத் திறந்தார். படைத்தலைவர்களின் குணங்கள் வரிசையாக எண்களாக இருந்தன. பயத்துக்கு ஒரு கட்டம். அதில் இருந்த எண்ணை ஏற்றி, சேமித்து, மறுபடி ஓட்டினார். இந்த முறை படை இரண்டாவது தாக்குதலிலேயே கலைந்து ஓடியது. "இப்ப ரொம்ப கோழையா ஆயிட்டான் பாருங்க. நடுவுல ஒரு நம்பர் இருக்கு, அதைத்தான் ஆறு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். அப்புறம் மூன்று பேருமாக நின்று அந்த நடு எண்ணைத் தேடினோம். பின்வாங்குவது பயத்தினால் மட்டும் இருக்கக் கூடாது, திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று நண்பர் சொன்னதை அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். எல்லாம் தமிழில்.

இந்த மாதிரி ஒரு பேச்சு மூன்று லட்சம் பேருக்கு மேல் கூடும் இடத்தில் நடக்க வாய்ப்பு குறைவு. கேம் முடியவில்லை, டெவலப்பருக்கு நம் கருத்து உண்மையிலேயே வேண்டும், மேஜைக்குப் பின்னால் வரிசையும் இல்லை. மூன்றும் சேர்ந்தால்தான் அது நடக்கும். டிசைனராக வேண்டும் என்று நினைக்கும் கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த மாநாடு எந்த ஊரில் என்ற அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நவம்பர் என்பதால் குடை அவசியம்.

அதே வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. அதைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: வேடம் போட்டு வருகிறவர்களைப் பார்க்கவும் பொம்மை, டிஷர்ட் வாங்கவும் அருமையான இடம். ஸ்ட்ராட்டஜி டெவலப்பரைத் தேடி அங்கே போக வேண்டாம்.

நாமே நடத்தினால்

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன். ஆழ்வார்ப்பேட்டையில் ரஷ்யக் கலாசார மையத்தில் நடந்த டால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். இந்த ஊரில் ஒரு சின்ன அறையில் கூடி ஆடுவதற்கு மரியாதை உண்டு.

செய்வது எப்படி என்பதில் ஒன்றிரண்டு விஷயம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பாரடாக்ஸ் கேம்களைப் பலர் சேர்ந்து ஆடும்போது, ஆட்டத்தை நடத்துபவரிடம் இருக்கும் டிஎல்சிகள் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) மற்ற எல்லோருக்கும் அந்த ஆட்டத்தில் கிடைக்கும். ஆகவே எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவர் வைத்திருந்தால் போதும். ஆனால் கேமின் பதிப்பு எல்லோரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும், மோட்களும் அப்படியே. முதல் திரையில் ஓரமாகத் தெரியும், பதிப்பை அடையாளம் காட்டும் செக்சம் எழுத்துகள் நாலும் ஒருவருக்கு மாறியிருந்தால்கூட அவர் உள்ளே வர முடியாது. இதை ஆட்டத்துக்கு முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் போடச் சொல்லிச் சரிபார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அப்டேட் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் கேமிங் சென்டர்கள் இதற்குச் சரிவராது. அங்கே இந்த கேம்கள் இருக்காது. நம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒரு ஹாலுக்குப் போவதே மேல். ஹால் எடுக்கும்போது வாடகையை விடப் பிளக் பாயின்ட் எத்தனை என்று முதலில் கேளுங்கள்.

கணினியே வேண்டாம் என்றால் டிப்ளமசி இருக்கிறது. 1959-ல் வெளிவந்த போர்டு கேம். ஏழு பேர், ஏழு வல்லரசுகள், 1901 வசந்தத்தில் தொடக்கம், பகடையே கிடையாது. எல்லோரும் பேசிப் பேரம் முடித்து, உத்தரவுகளைச் சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திறப்பார்கள். வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் ஆடியபோது ஆஸ்திரியாவும் இத்தாலியும் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருக்க, துருக்கி பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் ஒட்டுக்கேட்டது. சீட்டைத் திறந்ததும் எழுந்த சத்தத்தில் கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். விஷயம் என்னவென்று கேட்டுவிட்டு, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளும்வரை போகவில்லை.

டெவலப்பர் இல்லாத கூட்டம்தானே என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ கேம் செய்கிறவர்களுக்கு, தங்கள் கேமை ஆழமாக ஆடிய இருபது பேர் ஓர் அறையில் காத்திருக்கிறார்கள் என்றால் வீடியோவில் வர மனமிருக்கும். பெரிய நிறுவனத்து ஆட்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர்களுக்கு அனுமதி வாங்க வேண்டிய சிக்கல்கள் உண்டு. சிறியவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், நீங்கள் ஆடிய சேவ் ஃபைலையும் சேர்த்து. இருபது நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்லியிருந்தால் இருபது நிமிடத்தில் நாமே நிறுத்த வேண்டும். அவர் மேலும் பேசினால் அது அவர் விருப்பம். பெரும்பாலும் பேசுவார்.

சரி, யார் எங்கே போவது? மாணவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: ஐஜிடிசி, அதோடு சொந்தக் கூட்டம். ஐரோப்பா எங்கும் ஓடிப்போகாது. வேலையில் இருப்பவர், கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, பத்து நாள் லீவு இருக்கிறது என்றால் கேம்ஸ்காமுக்கு அவசரப்பட்டு பதிவு செய்ய வேண்டாம். பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்துக்கொண்டு நிறுவன மாநாட்டு அறிவிப்புக்குக் காத்திருங்கள். ஓராண்டு காத்தும் வரவில்லை என்றால், போர்டு கேமும் பிடிக்கும் என்பவர் எஸ்ஸன் போகலாம். கேம்ஸ்காம் என் பட்டியலில் கடைசி. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் நிற்பதே ஓர் அனுபவம் என்கிறார்கள். அந்த அனுபவம்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போகட்டும்.

மோட் செய்கிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவை உருவாக்கிய ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ரசிகர்களாகச் சேர்ந்து ஒரு மோட் செய்தவர்கள். 2013-ல் அந்த மோட் அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே வெளிவந்தது. ராஜேந்திரன் கேம்பெய்னை நமக்குக் கொடுத்தது அந்த வழியில் வந்தவர்கள்தான். ஆகவே சம்புவராயருக்கோ சேதுபதிகளுக்கோ ஒரு மோட் செய்துகொண்டிருப்பவர், அதை முடித்து நாலு பேர் ஆடிப் பார்த்த பிறகு கிளம்பட்டும். அப்போது ஸ்டாக்ஹோம் போனாலும் கொலோன் போனாலும் அவர் பேசப்போவது இன்னொரு டெவலப்பராகத்தான். பதினைந்து நிமிடத்தில் காட்டி முடிக்கும்படி ஒரு சேவ் ஃபைல், இணையம் இல்லாமலும் ஓடும் லேப்டாப், வரைபடத்தின் அச்சுப்பிரதி ஒன்று, கேள்விகளில் மிக முக்கியமானது எது என்ற தெளிவு. இவை போதும்.

எங்கள் குழு இப்போதைக்கு மூன்றாவது வழியில்தான், நாமே கூடி டெவலப்பரை வீடியோவில் கூப்பிடும் வழியில்தான், இறங்கியிருக்கிறது. ஸ்வீடனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணிநேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாம் கூடினால் குளிர்காலத்தில் அவர்களுக்கு மதியம் ஒன்றரை. சாப்பாடு முடிந்து, வார இறுதிக்கு முந்தைய அந்தத் தளர்வான நேரத்தில் பேசக் கூப்பிட்டால் வர வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை கூப்பிடாதீர்கள், அது அவர்களுடைய குடும்ப நாள்.